மனு வாங்குபவன்

சம்ஃப்யா நகரமன்றம், இரண்டாம் அறை.
மேசைக்கு இந்தப் பக்கம் நான்.
மற்ற நாட்களில் புவியியல் வாத்தியார்.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை
ஆசைப்படுகிறவர்களின் தாள்களை வாங்கி
ஆசை ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவன்.

வயது பார்த்தேன், இருந்தது.
வாக்காளர் அட்டை, இருந்தது.
நிற்க நினைக்கும் வார்டிலேயே குடியிருக்கிறாளா?
உள்ளே வரும்போதே
ஏரிக்கரைப் புகையும் உப்பும் சேர்ந்த வாடை
சாட்சி சொல்லிவிட்டது.
ஆதரவாளர்கள் நடைவாசலில்
ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்துக்கொண்டு.
கட்டணம், ரப்பர் வளையம் போட்ட க்வாச்சா நோட்டுகள்.
எண்ணி முடித்தபோது என் விரலிலும் மீன்.

ம்வாபே கபாசோ, கருவாட்டு வியாபாரி.
படகுத்துறை சரிந்த வருடம்
எல்லோரும் மந்திரிக்கு மனு எழுதிக்கொண்டிருக்க
மரம் வாங்கப் போனவள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், என்றேன்.
இரண்டாயிரத்துப் பதினாறு அது,
விதி அப்போதுதான் வந்திருந்தது.
ஒன்பதில் நின்றுவிட்டேன், என்றாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
வெளியே லாரியில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
நிறுத்தச் சொல்ல
அவளேதான் எழுந்து போனாள்.

அந்த முறை வென்றவர் கெட்டவர் என்றால்
கதை சுலபமாக இருக்கும்.
இல்லை. பாலத்தில் பாதி கட்டினார்.
மீதிப் பாதியைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களில்
ஒரு பிழை இருக்காது.

பிறகு அவளைப் பார்த்தது தேர்வு அறையில்.
நான் மேற்பார்வை. அவள் வெளித்தேர்வர், வயது நாற்பத்தேழு.
முன் வரிசைப் பையன் அவளிடம் கடன் வைத்திருப்பவன்,
திரும்பிப் பார்க்கப் பயந்து குனிந்தே எழுதினான்.
மூட்டைக்கு இத்தனை, லாரிக்கு இத்தனை,
ஈரம் காய்ந்து குறையும் எடை இத்தனை என்று
நின்றபடியே சொல்லிவிடுகிறவள்
தாளில் எக்ஸ் என்று ஒன்று வந்ததும்
முன்பின் தெரியாதவன் கதவைத் தட்டியதுபோல்
நிமிர்ந்தாள்.
கணக்கில் போயிற்று. மறுவருடமும் போயிற்று.

மேசைகளுக்கு நடுவே நடந்தபடி
நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.
தொண்ணூற்று மூன்று, கசாமா விடுதி,
ஒரு மெழுகுவத்தி, ஆறு தலைகள்,
மறுநாள் காலை வரவேண்டிய கணக்குத் தாள்
முதல் நாள் இரவே வந்திருந்தது.
ஆறில் ஒருவன் இன்று வங்கி மேலாளர்.
ஒருவன் உயிரோடு இல்லை.
என் சான்றிதழில் முத்திரை சுத்தமாக விழுந்திருக்கிறது.

இருபத்தொன்றில் வந்தாள்.
முகக்கவசத்துக்கு மேலே அதே கண்கள்.
பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வைத்தாள்,
தேர்வு வாரியம் சரிபார்த்த கடிதத்தோடு.
வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், என்றாள்,
ஏதோ என் வேலையை எனக்கு ஞாபகப்படுத்துகிறவள்போல.
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
தாளுக்குப் பின்னால் ஏரி
மங்கலாக அசைந்தது.

(நாற்பத்தொரு வாக்கில் தோற்றாள், ஆகஸ்டில்.
இன்றும் சந்தையில் மூன்றாவது கடை.
அது இந்த அறைக்கு வெளியே நடந்தது.)

எல்லாம் சரியாக இருக்கிறது, என்றேன்.
அவள் எழுந்திருக்கவில்லை.
கணக்குத்தான் சார் என்னைக் கொன்றது.
நீங்கள் எப்படித் தேறினீர்கள்?

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்,
இன்னொரு முறை எழுதவேண்டி வந்தால்
உதவும் என்பதைப்போல.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், என்றேன்.

நானும்தான், என்றாள்,
சிரித்தாள், பையை எடுத்துக்கொண்டாள்.

ரசீதில் நேரம் எழுதினேன்:
பதினொன்று நாற்பது.
அடுத்தவரைக் கூப்பிடக்
கொஞ்சம் நேரமாயிற்று.